ஒரு பைசாத் தமிழன்: அயோத்திதாசப் பண்டிதர்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் பகுதியில் ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய ஊர்கள் உள்ளன. 1880ஆம் ஆண்டுக்குப் பின் ஆங்கிலேய நிறுவனங்கள் இங்குத் தங்கச் சுரங்கங்களை விரிவாகத் தோண்டின. அப்போது வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் வேலை தேடி வந்து குடியேறினர். அவர்களுள் பலர், சாதியின் பெயரால் சொந்த ஊரிலேயே ஒதுக்கப்பட்டவர்கள். பொதுக் கிணறும் கோயிலும் பள்ளியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. அத்தகைய மக்களின் குரலாகச் சென்னையிலிருந்து ஒரு வார இதழ் வெளிவந்தது. தங்கவயல் தமிழர் அதனை ஆர்வத்துடன் வரவேற்றனர். அதன் ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர் ஆவார்.

இளமை

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசக் கவிராசப் பண்டிதர் மீது கொண்ட அன்பினால், அவருடைய பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழிலக்கியத்தையும் சித்த மருத்துவத்தையும் ஆழ்ந்து கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் அறிந்திருந்தார். இவருடைய பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். அவர் வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகள் எல்லீஸ் துரையின் கைக்குச் சென்ற செய்தியைப் பண்டிதர் பிற்காலத்தில் பதிவு செய்தார். கல்வி தங்கள் முன்னோருக்குப் புதியதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியை அவர் சான்றாகக் கொண்டார்.

பொதுப்பணி

நீலகிரியில் வாழ்ந்த காலத்திலேயே பண்டிதர் பொதுப்பணியில் ஈடுபட்டார். அருட்திரு ஜான் இரத்தினம் அவர்களுடன் இணைந்து 'திராவிடப் பாண்டியன்' என்னும் இதழை நடத்தினார். 1891ஆம் ஆண்டு திராவிட மகாஜன சபையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் கலந்துகொண்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கைகளை முன்வைத்தார். கட்டணமில்லாத தொடக்கக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்ற கோரிக்கைகளைச் சபையினர் ஏற்றனர். கோயிலில் நுழையும் உரிமையை மட்டும் ஏற்க மறுத்தனர். அவர் உள்ளத்தை இது மிகவும் வருத்தியது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்காத நெறியை அவர் தேடினார். 1898ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவினார். சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளை ஒன்று தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் அமைந்தது.

இதழாசிரியர்

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் வெளிவந்தது. அதன் விலை ஒரு பைசா, அதாவது காலணா. அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா. எளியவரும் வாங்கவேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம். இதழின் பெயரிலேயே விலை இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 26 முதல் 'தமிழன்' என்னும் பெயரில் இதழ் தொடர்ந்தது. அரசியல், வரலாறு, மருத்துவம், இலக்கியம், வேளாண்மை ஆகியன பற்றி அதில் கட்டுரைகள் வந்தன. வாசகர் எழுப்பிய ஐயங்களுக்கும் ஆசிரியர் விடையளித்தார்.

சிந்தனைகள்

தீண்டப்படாதவர் எனப்பட்டோர் முற்காலத்தில் பௌத்தராக வாழ்ந்தவர்கள் என்றும், சாதி இடையில் புகுந்தது என்றும் பண்டிதர் கருதினார். அவருடைய வரலாற்று விளக்கங்கள் அனைத்தையும் அறிஞர் எல்லாரும் ஏற்பதில்லை. எனினும், இழிவு பிறவியோடு வருவதன்று என்னும் நம்பிக்கையை அவை மக்களுக்கு ஊட்டின. குடிமதிப்புக் கணக்கெடுப்பில் தம் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் எனக் குறிக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிறர் சூட்டிய பெயரை மறுத்து, தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்வதும் ஓர் உரிமையே என்பது இதன் உட்பொருள். சுதேசி இயக்கம் வலுப்பெற்ற காலத்தில், உடன்வாழும் மக்களுக்குக் குடிநீரையும் கல்வியையும் மறுத்துக்கொண்டு தன்னாட்சி கேட்பது முறையா என்று தம் இதழில் வினவினார்.

தங்கவயல் காத்த செல்வம்

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். பின்னர் இதழ் நின்றுபோயிற்று. ஆனால் தங்கவயல் தமிழர் அதனை மறக்கவில்லை. 1926ஆம் ஆண்டு ஜி. அப்பாதுரையார் சாம்பியன் ரீஃபிலிருந்து 'தமிழன்' இதழை மீண்டும் வெளியிட்டார். தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. 1999ஆம் ஆண்டு அவருடைய சிந்தனைகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. 2005ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. அங்கு அச்சான பண்டிதரின் எழுத்துகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

பயிற்சி

1. இதழின் பெயரில் விலை இடம்பெற்றதன் நோக்கம் யாது?
2. சென்னை மகாஜன சபை ஏற்ற கோரிக்கைகள் எவை? மறுத்தது எது?
3. உங்கள் குடும்பத்தினர் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காக இங்கு வந்தனர்? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.