மயிலாடி மகராசன் வேதமாணிக்கம்

வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும் இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். ஆகவே, குமரி மாவட்டத்தில் புகழ் பெற்றிருந்தும் கொங்கு நாட்டு இளைஞர் அதிகம் கேள்வியுறாத ஒருவரை யாம் எடுத்துக்கொண்டோம்.

நாஞ்சில் நாட்டில் சுசீந்திரத்தை அடுத்துள்ளது மயிலாடி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அவ்வூரில் நம் சமுதாயத்தாராகிய சாம்பவர் குடியில் பிறந்தவர் மகராசன். தாழ்த்தப்பட்டோர் பொதுவழியில் நடத்தல் ஆகாது. பெண்டிர் மேலாடை அணிதல் ஆகாது. கூலியின்றி ஊழிய வேலை செய்தல் வேண்டும். இவற்றின் மேலும் தலைவரி கட்டுதல் வேண்டும். அந்நாளைய திருவிதாங்கூரின் நிலை இது.

மகராசன் ஆழ்ந்த சிவபக்தர். உறவினர் இளைஞர் சிவகுருநாதனை உடன் அழைத்துக்கொண்டு சிதம்பர யாத்திரை மேற்கொண்டார். அத்தனை தொலைவு கால்நடையாய்ச் சென்றவருக்கு, பிறப்பின் காரணமாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கும் உரிமையே கிட்டும். நந்தனார் வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிதம்பரத்தில் அவர் கண்டவை அவர் உள்ளத்திற்கு அமைதி தரவில்லை. அன்றிரவு கனவொன்று கண்டு கலங்கித் திரும்பினார் என்பது வழிவழிக் கூற்று. திரும்பும் வழியில் தஞ்சையில் தங்கியபோது, சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராகிய கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். 1799ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

இங்கு இளைஞர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சலுகை கருதி மதம் மாறினர் என்னும் பழிச்சொல் நம் மக்கள்மீது நெடுங்காலமாய் வீசப்படுகிறது. தலைவரியிலிருந்து விடுதலை கிட்டும் என்று எண்ணிப் பின்னாளில் சிலர் வந்ததும் உண்டு. மிஷனெரியே அதனைக் குறைபட்டு எழுதியுள்ளார். நீரில் மூழ்குபவன் கைக்கு எட்டிய கிளையைப் பற்றுவதைக் குற்றம் என்று யாம் கூறோம். ஆயின் 1799இல் மயிலாடியில் மிஷனும் இல்லை, பள்ளியும் இல்லை, பரிந்து பேசத் துரைமாரும் இல்லை. வேதமாணிக்கத்திற்கு அம்முடிவால் கிட்டக்கூடியது ஊராரின் பகை ஒன்றே.

பகையும் தவறாது வந்தது. தஞ்சையிலேயே தங்கியிருந்தால் துன்பமின்றி வாழ்ந்திருக்கலாம். அவரோ ஊருக்குத் திரும்பித் தம் சுற்றத்தாருக்குப் போதிக்கலானார். சிறு கூட்டம் ஒன்று சேர்ந்தது. இன்னல் பொறுக்கலாகாது போகவே, அனைவரும் குடிபெயர்ந்து தஞ்சைப் பக்கம் சென்றுவிடலாம் என எண்ணினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. நம் முன்னோரும் ஊர்க்கொடுமை தாளாது வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கோவை ஆலைகளுக்கும் சென்றவர்களே. எனவே அவ்வெண்ணத்தை இழிவென யாம் கொள்ளோம். ஆயின் அக்குடிபெயர்வு நிகழவில்லை. தஞ்சை சென்ற வேதமாணிக்கம், அங்கிருந்து தரங்கம்பாடியில் இருந்த லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபேயிடம் சென்று, தம் மக்களிடையே வருமாறு வேண்டினார். தாம் வெளியேறுவதற்கு மாறாக ஆசிரியரை ஊருக்குள் வரவழைத்த இச்செயலே, எம் கருத்தில், அவர் வாழ்வின் தலைசிறந்த செயல்.

ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து சேர்ந்தார். அவரும் விந்தையான மனிதர். பணத்தைப் பொருட்படுத்தாது எளிய உடையுடன் வாழ்ந்தவர். கோயில் கட்ட அரசு அனுமதி எளிதில் கிட்டவில்லை. 1808ஆம் ஆண்டின் இறுதியில் திவான் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, கிறிஸ்தவர்மீதும் சினம் திரும்பியது. வேதமாணிக்கமும் குடும்பத்தாரும் மலைப்பகுதியில் ஒளிந்திருக்க நேர்ந்தது. கிளர்ச்சி அடங்கியபின், 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பிற்று. அவ்வாண்டில் அங்குத் தொடங்கப்பெற்ற கல்விச்சாலையையே நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்கின்றது.

1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றிப் பணியை விட்டகன்றார். கீழ்த்திசைத் தீவுகளை நோக்கிச் சென்றவர் பின் திரும்பவேயில்லை. செல்லுமுன் சபைகளின் பொறுப்பை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. மீட் ஐயர் வந்து சேரும் வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள், வெள்ளையர் துணை எதுவுமின்றி, சபைகளையும் பள்ளிகளையும் அவர் காத்துநின்றார். பொதுவழியில் நடக்கத் தடுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவர் இத்துணை பொறுப்பை வகித்தது சிறு செய்தியன்று. 1827இல் அவர் காலமானார்.

திருவிதாங்கூரில் சில காலம் பணியாற்றிய அடிஸ் ஐயர்தாம் 1830இல் கோயம்புத்தூருக்கு வந்து லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். மயிலாடியில் ஏற்றிய விளக்கின் ஒளி நம் ஊர் வரை எட்டிய வழி இதுவே.

நம் சங்கத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருங்கே உள்ளனர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ஆதலின் விண்ணப்பப் படிவத்தில் மதம் எனும் கட்டத்தின் எதிரே எழுதுகோலைப் பிடித்தபடி தயங்கி நிற்கும் மாணவரை யாம் பள்ளியில் கண்டதுண்டு. அவர்களுக்கு இன்னது எழுதுக என்று கூற எமக்குத் துணிவு வந்ததில்லை. வேதமாணிக்கத்தின் கதையை மட்டும் கூறி அனுப்பியிருக்கிறோம்.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகிய இருவர் பெயரையும் இணைத்தே தாங்கி நிற்கிறது.