மாணவர்கள் கூப்பிட்ட பெரியவர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் ஒரே ஒருவரைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. மாணவர் போராட்டம் என்றால் நம் ஊரில் எல்லோரும் 1965-ஐச் சொல்வோம். அது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. ஒன்பது ஆண்டுகள் கழித்து பீகாரில் மாணவர்கள் தொடங்கிய போராட்டமும், அவர்கள் கூப்பிட்டதால் தெருவுக்கு வந்த 71 வயதுப் பெரியவரும் அவ்வளவாகத் தெரியாதவர்கள். அவர்தான் ஜெயப்பிரகாஷ் நாராயண். சுருக்கமாக ஜே.பி.

1902 அக்டோபர் 11-ல் சிதாப் தியாரா என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கால்வாய்த் துறையில் வேலை. படிப்பில் கெட்டிக்காரப் பையன். பாட்னாவில் கல்லூரியில் சேர்ந்தார். 1921-ல் காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம். மௌலானா ஆசாத்தின் பேச்சைக் கேட்டுவிட்டு, தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆனால் படிப்பை விடவில்லை. அடுத்த வருஷமே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே ஏழு வருஷம். வீட்டிலிருந்து பணம் வரவழியில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை, பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை, ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை என்று எல்லாம் செய்தார். கலிபோர்னியா, அயோவா, விஸ்கான்சின், ஒஹாயோ என்று பல்கலைக்கழகம் மாறி மாறிப் படித்தார். விஞ்ஞானம் படிக்கப் போனவர் சமூகவியலில் எம்.ஏ. வாங்கி, மார்க்சியவாதியாக 1929-ல் திரும்பினார். அதற்குள் மனைவி பிரபாவதி காந்திஜியின் ஆசிரமத்தில் பிரம்மச்சரிய விரதம் எடுத்திருந்தார். ஜே.பி. அதை மதித்து ஏற்றுக்கொண்டார்.

1934-ல் காங்கிரஸுக்குள்ளேயே சோஷலிஸ்ட் கட்சி அமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1942 தீபாவளி ராத்திரி, காவலர்கள் கொண்டாட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஐந்து தோழர்களுடன் ஹஜாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டினார். தேசம் முழுக்க அவர் பெயர் பரவியது. மறு வருஷம் பிடிபட்டு லாகூர் கோட்டையில் சித்திரவதை அனுபவித்தார். 1946-ல்தான் விடுதலை.

சுதந்திரத்துக்குப் பிறகு மந்திரி பதவி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவரோ 1954-ல் கட்சி அரசியலையே விட்டுவிட்டு வினோபாவின் பூதான இயக்கத்துக்குத் தம் வாழ்நாளையே தானமாகக் கொடுத்தார். 1972-ல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அவர் முன் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தார்கள். 1973-ல் பிரபாவதி புற்றுநோயில் காலமானார். உடம்பும் மனசும் தளர்ந்திருந்த ஜே.பி.யின் பொதுவாழ்வு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குஜராத்தில் ஒரு சின்ன விஷயம் பெரிதாக வெடித்தது. 1973 டிசம்பரில் ஆமதாபாத் பொறியியல் கல்லூரி ஒன்றில் விடுதி மெஸ் கட்டணம் உயர்ந்தது. அதை எதிர்த்து எழுந்த மாணவர்களோடு விலைவாசியால் நொந்திருந்த மக்களும் சேர்ந்தார்கள். 1974 பிப்ரவரியில் முதலமைச்சர் சிமன்பாய் படேல் ராஜினாமா செய்தார். மெஸ் பில்லில் தொடங்கியது மந்திரிசபையில் போய் முடிந்தது!

அடுத்து பீகார். 1974 மார்ச் 18-ல் மாணவர்கள் சட்டசபையை முற்றுகையிட்டார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். மாணவர்கள் ஜே.பி.யிடம் போனார்கள். வன்முறை கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஏப்ரல் 8-ல் பாட்னா வீதிகளில் ஒரு மௌன ஊர்வலம். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு கோஷம் கிடையாது. ஜூன் 5-ல் காந்தி மைதானத்தில் முழுப் புரட்சிக்கு அழைப்பு விடுத்தார். ஆட்சி மட்டும் மாறினால் போதாது, சாதி, வரதட்சணை, கல்வி எல்லாமே மாற வேண்டும் என்பது அவர் கருத்து.

மாணவர்கள் ஒரு வருஷம் கல்லூரியை விட்டு வரவேண்டும் என்றும் கேட்டார். இது சரியா என்று அன்றே விவாதம் நடந்தது. பையனைப் படிக்க வைக்கக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா? எல்லோரும் வந்துவிடவில்லை. வந்தவர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். நவம்பர் 4-ல் பாட்னாவில் போலீஸ் தடியடியில் ஜே.பி.யும் சிக்கினார்.

1975 ஜூன் 12-ல் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என அலகாபாத் தீர்ப்பு வந்தது. 25-ம் தேதி இரவு நெருக்கடி நிலை. விடிவதற்குள் ஜே.பி. கைது. சண்டிகரில் காவலில் வைத்தார்கள். அங்கே மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்து அவரைக் கவனித்துக்கொண்டவர் ஒரு தமிழர், எம்.ஜி. தேவசகாயம் ஐ.ஏ.எஸ். சிறுநீரகம் பழுதான நிலையில் நவம்பரில் விடுதலை. அதன்பின் டயாலிசிஸ்தான் வாழ்க்கை. இங்கே 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் நமக்கு நெருக்கடி நிலையின் சூடு முழுசாகத் தெரிந்தது.

1977 மார்ச் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாடு அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிக்கே ஓட்டுப் போட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜனதா ஆட்சி வந்தது. ஜே.பி. எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. 1978-ல் வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தை வைத்து நெருக்கடி நிலை கொண்டுவர முடியாதபடி செய்தது. தெருவில் நடந்த போராட்டம் சட்டப் புத்தகத்தில் பதிந்த இடம் அது.

ஆனால் தலைவர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதில் மும்முரமானார்கள். 1979 ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா. அக்டோபர் 8-ல் ஜே.பி. மறைந்தார். அந்த இயக்கத்தில் வளர்ந்த லாலு பிரசாத்தும் நிதீஷ் குமாரும் பின்னாளில் முதலமைச்சர்களாகி எதிரெதிரே நின்றார்கள். அப்படியானால் எல்லாம் வீண்தானா?

நான் அப்படி நினைக்கவில்லை. 1975-ல் ஜே.பி. இளைஞர்களுக்காக ஒரு வாகினி அமைப்பைத் தொடங்கினார். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை. அந்த இளைஞர்கள் 1978 முதல் புத்தகயையில் மடத்து நிலத்தில் உழைத்த ஏழைகளோடு சேர்ந்து போராடினார்கள். நிலம் கிடைத்தது. அதிலும் ஒரு புதுமை: பெண்கள் பெயரிலேயே பட்டா கேட்டு வாங்கினார்கள். ஆட்சி கவிழ்ந்தது பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது. இது அப்படி வரவில்லை. ஆனாலும் ஜே.பி. கேட்ட முழுப் புரட்சிக்குக் கிட்டே போனது இதுதான் என்பது என் எண்ணம்.

மாணவத் தம்பி தங்கைகளே, கோபம் வந்தால் கேள்வி கேளுங்கள். அந்த மௌன ஊர்வலத்தையும் மறக்காதீர்கள். ஆட்சி மாறிய மறுநாள் யார் கிராமத்துக்குப் போய் உட்காரப் போகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

— பழைய மாணவர், பி.ஏ. வரலாறு (1974-77)