போர்க்கால இருட்டில் விண்மீன்களின் வயதைப் படித்தவர்... யார் இந்த வால்டர் பாடே?

1943-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இருந்த விஞ்ஞானிகள் பலர் ராணுவ ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள். எட்வின் ஹபிளும் அவர்களில் ஒருவர். ஆனால், வால்டர் பாடேவை யாரும் கூப்பிடவில்லை. காரணம், அவர் ஜெர்மானியர். அரசின் கணக்கில் எதிரி நாட்டுக்காரர்!

ஒரு கேலக்ஸியில் விண்மீன்கள் எப்போது பிறந்தன, எப்போது பிறப்பு நின்றது என்று படிக்க இன்று முடிகிறது. அதற்கு வழி திறந்தவர் இவர்தான்.

யார் இவர்?

1893-ல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் பிறந்தவர். பிறவியிலேயே இடுப்பில் குறை. ஹாம்பர்க் வானாய்வகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 1931-ல் மவுண்ட் வில்சன் வந்தார். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத்தான் செய்தார். வீடு மாறியபோது அந்தக் காகிதங்கள் தொலைந்துபோயின. திரும்ப விண்ணப்பிக்க அவர் மெனக்கெடவில்லை. போர் வந்தபோது அதுவே வினையாக முடிந்தது.

இருட்டு தந்த வாய்ப்பு

எதிரி நாட்டவர் இரவு 8 மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது என்பது உத்தரவு. வானியலாளருக்கு இரவு இல்லையென்றால் வேலையே இல்லையே! ஆய்வகம் பேசி, அவருக்கு விலக்கு வாங்கித் தந்தது.

ராணுவக் கட்டுப்பாட்டால் கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் விளக்குகள் மங்கிக் கிடந்தன. வானம் நன்றாக இருட்டியது. அன்று உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியான 100 அங்குலக் கருவியில் பாடே உட்கார்ந்தார். சிவப்பு ஒளியைப் பதியும் படத்தகடுகளை எடுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் குறிவைத்தார்.

குறி எது? ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் மையமும், அதன் துணைகளான எம் 32, என்ஜிசி 205 ஆகிய சிறு கேலக்ஸிகளும். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் அதுவரை வெறும் ஒளித்திட்டாகத் தெரிந்தவை, தகட்டில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தன. 1944-ல் முடிவுகளை வெளியிட்டார்.

நிறத்தில் என்ன இருக்கு?

நிறையதான் இருக்கு. எடை அதிகமான விண்மீன்கள் நீலமாகக் கொதித்து, சில கோடி ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும். அதனால் நீல விண்மீன் இருந்தால், அங்கே சமீபத்தில் பிரசவம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். எடை குறைந்தவை பல நூறு கோடி ஆண்டுகள் வாழ்ந்து, முதுமையில் உப்பிச் சிவக்கும்.

சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் அதிகம் ஜொலிப்பவை நீல விண்மீன்கள். பாடேவின் தகடுகளிலோ சிவப்புப் பெருமீன்கள்தான் முந்தி நின்றன. ஆக, விண்மீன்கள் இரண்டு கூட்டம் என்று பிரித்தார். இளையவை முதல் கூட்டம். முதியவை இரண்டாம் கூட்டம்.

இந்தப் பிரிவினை இன்னொரு கணக்கையும் திருத்தியது. தூரம் அளக்கப் பயன்படும் சிஃபைட் விண்மீன்களிலும் இரண்டு வகை உண்டு என்று தெரிந்தது. ஆண்ட்ரோமெடாவின் தூரம் ஏறக்குறைய இரு மடங்கு என 1952-ல் ரோம் மாநாட்டில் பாடே அறிவித்தார்.

கதையில் ட்விஸ்ட்

முதியவர் இல்லம் என்று நினைத்த என்ஜிசி 205-ல், கொஞ்சம் தூசும் சில நீல விண்மீன்களும் இருப்பதைப் பிறகு பாடேவே கண்டார். அதாவது சிறு கேலக்ஸி என்றாலும் வரலாறு ஒரே வரியில் முடிவதில்லை. விட்டு விட்டும் பிறப்பு நடக்கலாம். இன்று ஹபிள் தொலைநோக்கித் தரவை வைத்து, ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து, எந்தக் காலத்தில் எத்தனை பிறந்தன என்று கணக்குப் போடுகிறார்கள்.

பாடே 1960-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் காலமானார். நம் பால்வெளியின் துணையான டிராகோ என்ற குறு கேலக்ஸி பற்றி, ஹென்ரியட்டா ஸ்வோப்புடன் செய்த ஆய்வு மறு வருஷம்தான் வெளிவந்தது. அதில் ஒளி மாறும் விண்மீன்கள் 260-க்கும் மேல். பெரும்பாலானவை ஆர்.ஆர். லைரே வகை. அவை இருந்தாலே வயது 1,000 கோடி ஆண்டுக்கு மேல். டிராகோவில் புது விண்மீன் பிறப்பது எப்போதோ ஓய்ந்துவிட்டது என்பதை இன்றைய அளவீடுகளும் உறுதி செய்கின்றன.