ஜொகூர் ஆற்றுப் பாசிமணிகளைத் தேடிய கார்ட்னர்

பாசிர் கூடாங்: நகருக்குக் கிழக்கே கடலில் கலக்கும் ஜொகூர் ஆற்றின் கரையில் 1930-களில் பழைய கண்ணாடிப் பாசிமணிகளைச் சேகரித்தவர் ஜெரால்ட் கார்ட்னர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ‘விக்கா’ எனும் சூனிய சமயத்தைப் பரப்பியவராகவே உலகம் அவரை அறியும். ஜொகூரிலோ அவர் அரசாங்க உத்தியோகஸ்தர்.

1884-இல் லிவர்பூல் அருகே மர வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஆஸ்துமாவால் பள்ளிப் படிப்பு சரியாக அமையவில்லை. வாசிக்கத் தாமே கற்றுக்கொண்டார். 1900-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டம், 1908-இல் போர்னியோ, 1911-இல் மலாயா ரப்பர் தோட்டம் என வந்தார். நம் முன்னோர் சிலரும் இலங்கை வழியாக வந்தவர்கள்தாம்; அவர் துரையாக வந்தார், நம்மவர் பால்மரம் சீவ வந்தனர். 1923-இல் அரசு வேலையில் சேர்ந்து ஜொகூரில் சுங்கத் துறையில் பணியாற்றினார்.

1587-இல் போர்த்துகீசியர் அழித்த பழைய தலைநகரான ஜொகூர் லாமாவில் அவருக்கு மணிகளும் காசுகளும் கிடைத்தன. ஆற்று மணிகள் மலாயாவுக்கும் ரோமாபுரிக்கும் இருந்த கடல் தொடர்புக்குச் சான்று என 1937-இல் லண்டன் ராயல் ஆசியக் கழக இதழில் எழுதினார்.

பாசிமணியில் செய்தவர் முத்திரை இருக்காது. உருப்பெருக்கியில் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழைப் பார்க்க வேண்டும். குமிழ்கள் துளையோடு நீளவாக்கில் ஓடினால், கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி, சூட்டில் முனை மழுக்கிய மணி. துளையைச் சுற்றி வளைந்தால், கம்பியில் சுற்றிச் செய்தது. செங்கல் சிவப்பு என்றால் கண்ணாடியில் செம்பு கலந்திருக்கும்.

இழுத்துச் செய்யும் சிறுமணி தென்னிந்தியத் தொழில். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இவ்வகை மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக்’ எனப் பெயரிட்ட பீட்டர் பிரான்சிஸ், அவற்றின் தொடக்ககாலப் பட்டறை அரிக்கமேடு என்றார். பின்னர் கெடாவின் சுங்கை மாஸிலும் அவை செய்யப்பட்டன.

ஆகவே ரோமாபுரி என்ற முடிவு சற்று அவசரமானதே. ரோமானிய மணியே கிடைத்தாலும் அது தமிழகத் துறைமுகங்கள் வழியாக வந்திருக்கலாம். பல நூற்றாண்டு கப்பல் வந்துபோன ஆற்றில் எந்த மணி எப்போது விழுந்தது என்பதை மண்ணடுக்கு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆயினும், தோட்டத் துரைகள் பலர் கிளப்பில் பொழுதைக் கழித்த நாளில் இவர் மண்ணைக் கிளறினார். அதற்கு நாம் கடன்பட்டவர்கள்.

மலாய்க் கிரீஸ் பற்றிய அவரது நூல் 1936-இல் வெளியானது. அதே ஆண்டு ஓய்வுபெற்று நாடு திரும்பினார். 1964 பிப்ரவரி 12-இல் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணத்தின்போது காலமானார். துனிஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.