செம்பட்டைத் தலை ஓவியன்



யாருக்காவது முடி கொஞ்சம் பழுப்பா இருந்தா போதும், செம்பட்டைன்னு நாம பேர் வெச்சிடுவோம்.  ஆனால் பிறவியிலேயே செம்முடி உள்ளவர்கள் உலகில் 100 பேருக்கு ஒருவர் இருவர்தான். இதற்கும் எம்.சி.1.ஆர். என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1995இல் கண்டறிந்தார்கள். அந்த அபூர்வக் கூட்டத்தில் ஒருவர்தான் வின்சென்ட் வான்கோ!

1853 மார்ச் 30, நெதர்லாந்து நாட்டில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். தலையும் தாடியும் நெருப்பு நிறம். 16 வயதில் ஓவியம் விற்கும் கம்பெனியில் வேலை, 1876இல் அனுப்பிவிட்டார்கள். வாத்தியார் வேலை, புத்தகக் கடை வேலை எதுவும் நிலைக்கவில்லை. மதப் படிப்பையும் பாதியில் விட்டார். பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் போதகராகப் போனவர், தன் துணிமணிகளையே அவர்களுக்குக் கொடுத்தார். அங்கேயும் நீக்கினார்கள். தூரிகைதான் தன் தொழில் என்று முடிவு செய்தபோது வயது 27!

அவருக்குச் சோறு போட்டது தம்பி தியோ. மாதாமாதம் பணம், கூடவே கடிதம். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். எட்டாவதோடு நின்ற என் அண்ணன், பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்து எனக்குப் பீஸ் கட்டுகிறான். அதனால் தியோவைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மாடலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னையே வரைந்தார், சுமார் 35 முறை! ஆரஞ்சு நிறத்துக்கு நேர் எதிர் நிறம் நீலம். பக்கத்தில் வைத்தால் இரண்டுமே பளிச்சிடும். அதைத் தெரிந்தே, 1889இல் வரைந்த படத்தில் நீலச் சுழல்களுக்கு நடுவே தன் செம்முடியை எரியவிட்டார்.

அதே 1889இல்தான், பிரான்சின் ஆர்ல் நகரில் சுமார் 30 பேர் அவரை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லி மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். மனநோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர் அவர்களுக்கு வெறும் செந்தலைப் பைத்தியம்! மறுவருடம் ஜூலை 29, துப்பாக்கிக் காயத்தால் 37 வயதில் இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போனார். தியோவின் மனைவி யோஹன்னாதான் படங்களைக் காப்பாற்றி, கண்காட்சிகள் நடத்தி, 1914இல் கடிதங்களை அச்சிட்டு உலகுக்குக் காட்டினார்.

பத்தே வருடத்தில் சுமார் 860 எண்ணெய் வண்ண ஓவியங்கள்!

தோழர்களே, ஊர் எதைச் சொல்லிக் கேலி செய்ததோ, அதையே அவர் தன் படத்தில் பளிச்சென்று வரைந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் முகம் இன்று யாருக்குத் தெரியும்? அந்தச் செம்பட்டைத் தலையைப் பார்க்கத்தான் பாரிஸ் அருங்காட்சியகத்தில் உலகமே வந்து நிற்கிறது!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்