கற்றதைக் கற்றுக்கொடுத்த ஜோ டேவிஸ்

ஸ்னூக்கர் ஆட்டத்தில் உலக சாம்பியன் பட்டத்தை 15 முறை வென்றவர் ஜோ டேவிஸ். 1927-ம் ஆண்டு முதன்முதலாகப் போட்டி நடந்தபோது அவர் வென்றார். 1946-ம் ஆண்டு அவரே விலகும் வரை வேறு ஒருவராலும் அந்தப் பட்டத்தைத் தொட முடியவில்லை. நடுவே போர்க்காலத்தில் ஐந்து ஆண்டுகள் போட்டி நடக்கவில்லை. நடந்த போட்டி ஒவ்வொன்றிலும் அவருக்கே வெற்றி.

இத்தனைக்கும் ஜோ டேவிசின் வலது கண் பார்வை மிகவும் மங்கலானது!

12 அடி நீள மேஜையின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, மறுகோடியில் இருக்கும் பந்தைக் குறி தவறாமல் அடிக்க வேண்டிய ஆட்டம் இது. அதில் ஒரு கண் சரியில்லாத மனிதர் இருபது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது எப்படி? பிறவியிலேயே வந்த திறமை என்று சொல்லிவிடலாம். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. அவர் சிறுவயதில் முறையாகக் கற்றவர். கற்றதற்கு மேல் தாமே கண்டுபிடித்தவர். கண்டுபிடித்ததை மறைக்காமல் எழுதி வைத்தவர்.

ஊட்டியில் எழுதிய சட்டம்

ஸ்னூக்கரை இங்கிலாந்து நாட்டு ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது பிறந்தது இந்தியாவில். 1875-ம் ஆண்டு, ஜபல்பூரில் இருந்த ராணுவ அதிகாரிகள் மழைக்காலத்தில் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் புதிய ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்த்தார்கள். அதற்கு வழிகாட்டியவர் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி. (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.)

அந்நாளில் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனை ஸ்னூக்கர் என்று கேலியாக அழைப்பது வழக்கம். எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லேன் அப்படி அழைக்கப்போய், அதுவே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. ஒன்றும் தெரியாத புதியவன் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

பிறகு சேம்பர்லேன் நீலகிரிக்கு வந்தார். ஆட்டத்தின் சட்டதிட்டங்கள் ஊட்டி கிளப்பில்தான் ஒழுங்காக எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையின் சுவரில் மாட்டப்பட்டன.

மேஜையில் மொத்தம் 22 பந்துகள். சிவப்பு 15, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. மீதி ஒன்று வெள்ளை. கேரம் ஆடியவர்களுக்கு எளிதில் புரியும். கேரத்தில் ஸ்டிரைக்கர் போல இங்கே வெள்ளைப் பந்து. அதைக் கோலால் குத்தி மற்றப் பந்தைப் பையில் விழச் செய்ய வேண்டும். ஒரு சிவப்பு விழுந்தால் அடுத்து ஒரு நிறப் பந்து; அது மேஜைக்குத் திரும்பி வந்துவிடும். சிவப்பு எல்லாம் தீர்ந்த பிறகு, நிறப் பந்துகளை வரிசைப்படி விழச் செய்ய வேண்டும்.

கேரத்தில் அடுத்த அடிக்கு ஸ்டிரைக்கரை நம் கையால் எடுத்து வைக்கிறோம். ஸ்னூக்கரில் அது நடக்காது. வெள்ளைப் பந்து உருண்டு எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி. கஷ்டம் எல்லாம் இதில்தான்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

ஜோ டேவிஸ் 1901-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி, இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் விட்வெல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிறகு அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, செஸ்டர்ஃபீல்டு நகருக்குப் பக்கத்தில் மதுக்கடை நடத்தத் தொடங்கினார். கடையில் ஒரு பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. மகனுடைய வாழ்வை மாற்றியது அந்த மேஜைதான்.

வீட்டிலேயே மேஜை இருந்ததால் சிறுவன் ஜோ நாள் தவறாமல் ஆடினான். ஆனால் மேஜை மட்டும் இருந்தால் போதுமா? தானாக ஆடிப் பழகுகிறவனிடம் தவறும் சேர்ந்தே பழகிவிடும். அதுவே கைப்பழக்கம் ஆகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும் பாடு.

ஜோவுக்கு நல்ல வேளையாக ஒரு வாத்தியார் கிடைத்தார். அவர் பெயர் எர்னஸ்ட் ரட்ஜ். செஸ்டர்ஃபீல்டில் பெயர் பெற்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர். சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு முறையாகப் பயிற்சி அளித்தார். 12-வது வயதில் ஜோ ஒரே தடவையில் நூறு புள்ளி எடுத்தான். 13-வது வயதில் உள்ளூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனான். 18-வது வயதில் ஆட்டத்தையே தொழிலாக ஏற்றுக்கொண்டான்.

வலது கண் மங்கல் என்பது அவரைத் தடுக்கவில்லை. பொதுவாக ஆட்டக்காரர்கள் கோலை முகவாய்க்கு நடுவே வரும்படி பிடிப்பார்கள். ஜோ இடது கண்ணுக்கு நேர் கீழே வரும்படி பிடித்தார். பார்வை உள்ள கண் எதுவோ, அதன் வழியில் கோல் சென்றது. குறையை மறைக்கவில்லை, அதற்கு ஏற்றபடி நிற்கும் முறையை அமைத்துக்கொண்டார்.

ஆறரைப் பவுன் பரிசு

அந்தக் காலத்தில் பில்லியர்ட்ஸ்தான் பெரிய ஆட்டம். ஸ்னூக்கரைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் சாதாரண மக்கள் கூடும் மன்றங்களில் ஸ்னூக்கர் வேகமாகப் பரவுவதை ஜோ கவனித்தார். அவரும், பர்மிங்காமில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திய பில் காம்கின் என்பவரும் சேர்ந்து, உலகப் போட்டி நடத்தும்படி ஆட்டத்தின் தலைமைச் சங்கத்தை வற்புறுத்தினார்கள்.

முதல் போட்டியில் சேர்ந்தவர்கள் பத்தே பேர். 1927-ம் ஆண்டு மே மாதம் பர்மிங்காமில் இறுதி ஆட்டம் நடந்தது. ஜோ 20–11 என்ற கணக்கில் டாம் டென்னிசைத் தோற்கடித்தார். அவருக்குக் கிடைத்த பரிசுப் பணம் ஆறரைப் பவுன்! ஆட்டக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் பாதியைக் கொண்டு ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கினார்கள். 1931-ம் ஆண்டுப் போட்டிக்கு இரண்டே பேர்தான் பெயர் கொடுத்தார்கள். அந்த அளவில்தான் இருந்தது ஸ்னூக்கரின் நிலை.

பில்லியர்ட்சிலும் ஜோ நான்கு முறை உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வால்டர் லிண்ட்ரம் என்ற மேதை வந்தார். 1932-ம் ஆண்டு ஜோவுக்கு எதிராக அவர் ஒரே தடவையில் 4,137 புள்ளி எடுத்தார். ஜோ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நீண்ட ஆட்டத்தைப் பார்க்க மக்களுக்குப் பொறுமை இல்லை. பில்லியர்ட்ஸ் தேய்ந்தது, ஸ்னூக்கர் வளர்ந்தது.

பலரும் ஒரு பந்தை விழச் செய்வதிலேயே கவனமாக இருந்த காலத்தில், அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஜோ கணக்குப் போட்டார். கறுப்புப் பந்தைச் சுற்றியே வெள்ளையை நிறுத்தி, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். இதற்கு அவருக்கு வாத்தியார் இல்லை. தாமே ஆடி ஆடிக் கண்ட வழி இது.

தம்பியின் கண்ணாடி

ஜோவுக்கு ஃப்ரெட் என்று ஒரு தம்பி. 12 வயது இளையவர். அவரும் சிறந்த ஆட்டக்காரர். அவருக்குத் தூரப் பார்வை மங்கல்; ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 1937-ம் ஆண்டு உலகப் போட்டியில் பில் வித்தர்ஸ் என்பவரிடம் தோற்றார். அடுத்த சுற்றில் அதே வித்தர்சை அண்ணன் 30–1 என்று நொறுக்கினார்.

அதன் பிறகே ஃப்ரெட் கண்ணாடி போட்டுக்கொண்டார். குனிந்து குறி பார்க்கும்போதும் நேராகப் பார்க்க வசதியாக, சாய்த்துக்கொள்ளக்கூடிய விசேஷக் கண்ணாடி அது. 1940-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். 37–36! ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில்தான் ஜோ தப்பினார். விட்டுக்கொடுத்த புள்ளி எதுவும் இல்லாமல் சமநிலையில் ஆடி ஜோவை வென்றவர், அவர் வாழ்நாளில் ஃப்ரெட் ஒருவரே. பிற்காலத்தில் ஃப்ரெட்டும் எட்டு முறை உலகப் பட்டம் பெற்றார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 1946-ல் ஜோ உலகப் போட்டியிலிருந்து விலகினாலும் மற்ற ஆட்டங்களில் தொடர்ந்து ஆடினார். மிகச் சிறந்தவர் கலந்துகொள்ளாத போட்டிக்கு என்ன மதிப்பு? உலகப் பட்டம் பொலிவு இழந்தது. 1957-க்குப் பிறகு சில ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. ஆட்டத்தை வளர்த்தவரின் நிழலிலேயே ஆட்டம் வாடியது என்று சொல்பவர்கள் உண்டு.

1955-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி லண்டனில் லெஸ்டர் சதுக்கக் கூடத்தில், பழைய போட்டியாளரான வில்லி ஸ்மித்துடன் ஆடியபோது, ஜோ 15 சிவப்பையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பையும், பிறகு நிறப் பந்துகளையும் ஒன்று விடாமல் விழச் செய்தார். மொத்தம் 147 புள்ளி. சங்கம் முதன்முதலாக அங்கீகரித்த முழு எண்ணிக்கை அதுதான். அப்போது அவருக்கு வயது 53. சட்டத் தகராறு காரணமாக அங்கீகாரம் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

புத்தகமே வாத்தியார்

பட்டங்களைவிட நீண்ட நாள் நின்றது ஜோ எழுதிய புத்தகங்கள். 1949-ம் ஆண்டு, தாம் ஸ்னூக்கர் ஆடும் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். எப்படி நிற்பது, இடக் கையை எப்படி ஊன்றுவது, கோலை எப்படி நேராக ஓட்டுவது என்று அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். தொழில் ரகசியம் என்று எதையும் மூடி வைக்கவில்லை.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆபீஸ் முடிந்து மனமகிழ் மன்றத்தில் ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை. தொழில்முறை ஆட்டக்காரர் நாள் முழுவதும் ஆடித் தம் தவறைக் கண்டுபிடித்துக்கொள்வார். மற்றவருக்கு அவ்வளவு நேரம் ஏது? பந்தை அடிக்கும்போது தலையைத் தூக்குவது, முழங்கையை ஆட்டுவது, தேவைக்கு மேல் ஓங்கி அடிப்பது, இவை ஆடுகிறவரின் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கு உடனே தெரியும். மேஜையின் நடுக்கோட்டில் வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து அடிக்கச் சொல்வார். பந்து எதிர்ச் சுவரில் மோதி, போன கோட்டிலேயே திரும்பிக் கோல் நுனிக்கு வர வேண்டும். விலகி வந்தால், குத்து நடுவில் படவில்லை என்று பொருள்.

லண்டன் பிளம்ஸ்டெட் பகுதியில் தொழிலாளர் மன்றம் ஒன்றில் பில் டேவிஸ் என்பவர் ஆடிவந்தார். ஜோவுக்கு உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமைதான். அவர் ஜோவின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தம் மகன் ஸ்டீவுக்கு அதில் உள்ளபடியே கற்றுக்கொடுத்தார். மகன் வளர்ந்த பிறகும் பயிற்சியை விடவில்லை. மீன் வியாபாரியாக இருந்து பயிற்சியாளரான ஃப்ராங்க் காலனிடம் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், பிற்காலத்தில் பயிற்சியாளராகி 1996-ம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருது பெற்றார். இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்ற பங்கஜ் அத்வானிக்குப் பெங்களூரில் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், பழைய ஆட்டக்காரர் அரவிந்த் சாவூர்.

கடைசி நாள்

1978-ம் ஆண்டு ஷெஃபீல்டு நகரில் உலகப் போட்டி நடந்தது. 64 வயதான ஃப்ரெட் அரை இறுதி வரை வந்துவிட்டார். தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க ஜோ அரங்கில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே உடல்நிலை மோசமாகிச் சாய்ந்தார். அறுவைச் சிகிச்சை நடந்தும் முழுவதும் தேறவில்லை. ஜூலை 10-ந்தேதி காலமானார். வயது 77.

அதே ஆண்டில்தான் பிளம்ஸ்டெட் இளைஞர் ஸ்டீவ் டேவிஸ் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1981-ல் உலக சாம்பியன் பட்டம் பெற்றார். மொத்தம் ஆறு முறை பெற்றார். 1982-ம் ஆண்டு ஜனவரியில் தொலைக்காட்சியில் பதிவான முதல் 147 புள்ளியை எடுத்தவரும் அவரே. அவர் கையில் ஏந்திய உலகக் கோப்பை, 1927-ல் பத்து ஆட்டக்காரர்கள் கட்டிய பணத்தில் வாங்கிய அதே வெள்ளிக் கோப்பை. இன்றும் உலக சாம்பியனுக்கு வழங்கப்படுவது அதுதான்.