கோடு கொஞ்சம் நகர்ந்தது, சூரியனின் ரகசியம் தெரிந்தது: கொடைக்கானலில் சாதித்த ஜான் எவர்ஷெட் யார்?

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் எல்லாம் பார்த்துவிட்டு, நேரம் மிச்சம் இருந்தால்தான் சூரிய ஆய்வுக்கூடம் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் உலகம் முழுக்க சூரியனைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு கொடைக்கானல் என்றதும் முதலில் ஞாபகம் வருவது 'எவர்ஷெட் விளைவு'தான். அதைக் கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட். கண்டுபிடித்த இடம் இதே பழனி மலை.

பஞ்சத்தில் தொடங்கிய கதை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ? இந்தக் கேள்விதான் தென்னிந்தியாவில் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கி வைத்தது. சென்னையில் வேலை பார்த்த மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் ஆய்வுக்கூடம் உருவானது.

மருந்து பரிசோதித்தவர்

எவர்ஷெட் 1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். லண்டனில் மருந்துகளையும் ரசாயனங்களையும் பரிசோதிக்கும் வேலை. வானியல் அப்போது அவருக்கு சம்பளம் இல்லாத ஆசை மட்டும்தான். ஆனாலும் 1898 கிரகணத்தைப் படம் பிடிக்க இந்தியா வரைக்கும் வந்தார்.

1906-ல் மேரி ஆர்-ஐத் திருமணம் செய்தார். மேரியும் நட்சத்திரம் பார்ப்பவர், இத்தாலியக் கவிஞர் தாந்தேவின் வானியல் பற்றிப் புத்தகமே எழுதியவர். இருவரும் அமெரிக்கா, ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். இப்போது பஸ் ஏறும் மலைப்பாதை அன்றைக்கு முடியவில்லை. பெரியகுளம் பக்கமிருந்து நடை, குதிரை, டோலி, இவைதான் வழி.

1909 ஜனவரி 5

சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், வானவில் பட்டையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிலையான இடம் உண்டு. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதா பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்பு பக்கம் நகரும். கிட்டே வரும் ஆம்புலன்ஸ் சைரன் கீச்சென்று கேட்டு, தாண்டிப் போனதும் சத்தம் தணிகிற மாதிரிதான்.

கனமழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்த அந்த நாளில், எவர்ஷெட் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். நேராக இருக்க வேண்டிய கோடுகள் புள்ளியைக் கடக்கும் இடத்தில் சாய்ந்திருந்தன.

இங்கேதான் விஷயமே இருக்கு. அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவின் ஹேல், கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் காட்டியிருந்தார். புள்ளி என்பது புயல் மாதிரி சுழலும் சுழி என்பது அவர் கருத்து. சுழற்சி என்றால் கோடு ஒரு திசையில் நகரணும். எவர்ஷெட் பார்த்ததோ வேறு. சூரிய வட்டத்தின் மையத்தைப் பார்த்திருக்கும் பக்கம் ஊதா நோக்கி, விளிம்பைப் பார்த்திருக்கும் பக்கம் சிவப்பு நோக்கி நகர்ந்தது. அதற்குக் குறுக்கே அளந்தால் நகர்வே இல்லை. புள்ளி சூரியனின் நட்ட நடுவில் இருக்கும்போதும் இல்லை.

இதற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, தரையில் கொட்டிய தண்ணீர் பரவுகிற மாதிரி ஓடுகிறது. வேகம் நொடிக்கு சுமார் 2 கி.மீ. நமக்கு அது பயங்கர வேகம், ஆனால் ஒளியின் வேகத்தில் 1.5 லட்சத்தில் ஒரு பங்குதான். கோடும் அவ்வளவு நுணுக்கமாகத்தான் நகரும்.

அதை எப்படி அளந்தார்?

கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவர்களுக்கு 'ஆஃப்செட்' தெரியும். ஒரு கோட்டுக்கு இணையாக, சற்றுத் தள்ளி இன்னொரு கோடு. எவர்ஷெட் இதை மாற்றிப் போட்டார். தள்ளியிருக்கும் கோட்டை மறுபடி பொருத்தி, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வழி. நெகட்டிவ் கண்ணாடித் தகட்டின் மேல் அதன் பாசிட்டிவ் பிரதியைத் திருப்பி வைத்து, மைக்ரோமீட்டர் திருகால் மெல்ல நகர்த்துவார். கருப்பும் வெளுப்பும் சரியாகப் பொருந்தி கோடு மறையும் இடத்தில் திருகு காட்டும் எண்தான் கணக்கு. மங்கலான கோட்டின் நடுப்பகுதியைக் கண்ணால் ஊகிக்கும் வேலையே இல்லை.

ஐன்ஸ்டீனுக்கும் கணக்கு

1911-ல் இயக்குநரானார், 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அடுத்து இன்னும் கஷ்டமான வேலை. சூரியனின் ஈர்ப்பால் அதன் கோடுகள் எல்லாமே சற்று சிவப்பு பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்றார் ஐன்ஸ்டீன். அளவு? கிட்டத்தட்ட 4.7 லட்சத்தில் ஒரு பங்கு. எவர்ஷெட் வருஷக்கணக்கில் அளந்தார். வெள்ளிக் கோள் பிரதிபலிக்கும் சூரிய ஒளியைக்கூட விடவில்லை. முதலில் சந்தேகப்பட்டவர், 1920-களின் தொடக்கத்தில் ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் விளிம்பில் காணப்பட்ட கூடுதல் நகர்வுக்கு அவரிடம் திருப்தியான பதில் இல்லை.

தோல்வியும் உண்டு. 1922 கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவின் வல்லால் வரை போனார். கருவிக் கோளாறால் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அதே கடற்கரையில் முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழு வெற்றியோடு திரும்பியது.

1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. சர்ரேயில் சொந்தமாக ஆய்வுக்கூடம் கட்டி, எண்பது வயதைத் தாண்டியும் சூரியனை அளந்துகொண்டிருந்தார். மேரி 1949-ல் காலமானார். எவர்ஷெட் 1956-ல், 92 வயதில் மறைந்தார்.

அவர் காலத்துக் கண்ணாடித் தகடுகள் இப்போது டிஜிட்டல் ஆகிவிட்டன. ஒரு நூற்றாண்டு சூரியனைத் தேடும் விஞ்ஞானிகள் அவற்றைத்தான் திறக்கிறார்கள். 2008-ல் இந்திய அஞ்சல் துறை எவர்ஷெட் விளைவுக்கு ஒரு தபால்தலையும் வெளியிட்டது.